பிறந்தது என்று எழுதினேன், பார்க்கப் போனேன்

என் வலது கை தோள்வரை தண்ணீருக்குள் இருந்தது. புடவைத் தலைப்பு நனைந்து தொட்டிச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணும் கிழங்குத் தோலும் கலந்து கலங்கிக் கிடந்த அந்தத் தண்ணீரில் என் முழங்கை எனக்கே தெரியவில்லை. சுற்றிலும் இருபது பேராவது நின்றிருப்பார்கள். 

"ஏனுங்கக்கா, அடியில விரல் போகுதுங்களா?" என்று சரசு கேட்டாள்.

"போகலை சரசு" என்றேன்.

இடம், நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி மில். காலம், தை முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு நாள். தேதியெல்லாம் கேட்காதீர்கள், எனக்கே நினைவில்லை. புளித்த மாவு வாசனை மட்டும் இன்னும் மூக்கில் இருக்கிறது.

ஐம்பதைத் தாண்டியவள், நாமக்கல்லில் வீட்டில் உட்கார்ந்து ஒரு நாளிதழுக்கு வாரம் ஒரு பொருளாதாரக் கட்டுரை எழுதுகிறவள், அந்தத் தொட்டிக்குள் ஏன் கையை விட்டாள்? எல்லாம் நான் எழுதிய ஒரு சொல்லால் வந்த வினை.

பிரசவ வார்டு

'பிறந்தது' என்ற சொல்லின்மேல் எனக்கு அப்படி ஒரு மோகம் இருந்தது. கோழிப்பண்ணைக்காரர்களின் கவலை மக்காச்சோள விலையிலிருந்து பிறந்தது. இந்தக் கூட்டணி போன தேர்தல் தோல்வியிலிருந்து பிறந்தது. மக்களின் கோபம் குடிநீர்த் தட்டுப்பாட்டிலிருந்து பிறந்தது. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் என் கட்டுரையில் இப்படி ஏதாவது பிறந்துகொண்டே இருக்கும்.

அதில் இருந்த சௌகரியத்தை இப்போது வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன். 'பிறந்தது' என்று எழுதிவிட்டால் யார் செய்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. என்றைக்கு, எந்த இடத்தில் என்று சொல்ல வேண்டியதில்லை. யாரும் சண்டைக்கும் வரமாட்டார்கள். ஆனால் படிக்கிறவர்கள், இந்த அம்மாவுக்கு அடி முதல் நுனி வரை தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். உட்கார்ந்த இடத்தில் இவ்வளவு மரியாதை வேறு எந்தச் சொல்லில் கிடைக்கும்?

நாளிதழில் என் கட்டுரை வரும் பக்கத்தின் பொறுப்பாசிரியர் ஆத்தூர்க்காரர். வயதில் என்னைவிட இளையவர், வாயில் மூத்தவர். கட்டுரை போய்ச் சேர்ந்ததும் போன் செய்வார்.

"மேடம், இந்த வாரம் மூணு பிரசவம். தாயும் சேயும் நலந்தானே?"

"வெட்டணும்னா வெட்டிக்கங்க" என்பேன் கடுப்போடு.

"பிறந்த புள்ளய எப்படி மேடம் வெட்டுறது?" என்று சிரித்துவிட்டு அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுவார். என் கட்டுரை வரும் கோப்புக்கு அவருடைய கணினியில் 'பிரசவ வார்டு' என்று பெயர் வைத்திருந்தார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

குமாரபாளையம் செய்த கெடுதல்

இந்தப் பழக்கம் முற்றியதற்குக் குமாரபாளையத்தையும் கொஞ்சம் குறை சொல்ல வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் அங்கே விசைத்தறிகளை நிறுத்திப் போராடினார்கள். நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், வீட்டில் காபி குடித்துக்கொண்டே, போராட்டம் நூல் விலை ஏற்றத்திலிருந்து பிறந்தது என்று எழுதினேன். குருட்டாம்போக்கில் அது சரியாக இருந்துவிட்டது.

சில மாதம் கழித்து பவானியில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டுக் காற்றாடப் பாலத்தைத் தாண்டிக் குமாரபாளையம் பக்கம் நடந்தேன். டீக்கடையில் ஒரு தறிக்காரர், பேப்பரில் வரும் படத்தை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏனுங்க, எங்க போராட்டத்தைப் பத்தி எழுதுனது நீங்கதானுங்களே? பக்கத்துலயே இருந்து பாத்தாப்பல எழுதியிருந்தீங்க" என்றார். டீக்குக் காசு கொடுக்கவும் விடவில்லை.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் அடக்கமாகத் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தேன். அன்றிலிருந்து என் கட்டுரைகளில் பிரசவங்கள் இரட்டிப்பாயின.

என் வீட்டுக்காரருக்கு லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை. 'பின்னாடி எங்கியோ சத்தம் வருதுங்க' என்று டிரைவர் வந்து நின்றால், ஒரு சாக்கை விரித்து லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துவிடுவார். வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பார். எந்த போல்ட் என்று கையை வைத்துப் பார்க்காமல் எழுந்திருக்கவே மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என் கட்டுரையைப் படிப்பார். படித்து முடித்ததும் "ம்" என்பார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான்.

சரசுவின் போன்

அந்த வருடம் பொங்கல் முடிந்து ஒரு மாதம் ஆன சமயத்தில், மரவள்ளி விவசாயிகள் அந்த மில்லின் வாசலில் டிராக்டர்களை நிறுத்தி மறித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. நான் வழக்கம்போல இணையத்தில் நாலு செய்தியைப் புரட்டினேன். 'நாமகிரிப்பேட்டை விவசாயிகளின் போராட்டம், உலகச் சந்தையில் மாவுப்பொருள் விலை சரிந்ததிலிருந்து பிறந்தது' என்று எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு முறை படித்து ரசித்தேன்.

மறுநாளே ஒரு கட்சியினர் அதை மைக்கில் படித்தார்கள். இன்னொரு கட்சி, இல்லை, போராட்டம் அரசாங்கத்தின் கொள்கையிலிருந்து பிறந்தது என்றது. மூன்றாவது கட்சி, பருவம் தவறிய மழையிலிருந்து பிறந்தது என்றது. ஒரே பிள்ளைக்கு மூன்று பிறப்புச் சான்றிதழ்கள் ஆயின.

அதற்கு மறுநாள் காலை, இட்லி மாவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஏனுங்க, பேப்பர்ல எழுதறவங்களுங்களா? நான் சரசு பேசறனுங்க. மில்லு வாசல்ல மொதல் டிராக்டர நிறுத்துனது நாந்தானுங்க."

"சொல்லும்மா."

"பொறந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஒரு ஊட்டுல கொழந்த பொறந்தாக்கூட ஒரு எட்டு வந்து பாத்துட்டுத்தானுங்களே, மூக்கு அப்பன் மாதிரி இருக்குது, கண்ணு அம்மா மாதிரி இருக்குதுன்னு சொல்லுவாங்க. நீங்க பாக்காமலே சொல்லிப்போட்டீங்களே."

குரலில் கோபமே இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

"கெழங்கு வெல கொறையவே இல்லீங்க. அது போன மாசம் இருந்த வெலதானுங்க. கொறைஞ்சது பாயிண்ட்டுங்க" என்றாள். "என்ற கெழங்கு வெட்டி மூணு நாளாச்சுங்க. டிராக்டர்லயே நிக்குது. நாளைக்குள்ள மில்லுக்குள்ள போகலீன்னா உள்ள நரம்பு நீலம் பாஞ்சு போயிருமுங்க. பொறவு மாட்டுக்குத்தான்."

தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை நாளை மறுநாள்தான். அங்கே பேசப்போவது எதைப் பற்றி? நான் எழுதிய உலகச் சந்தையைப் பற்றி. அவர்கள் பேசி முடிப்பதற்குள் அவளுடைய பத்து மாத உழைப்பு டிராக்டரிலேயே கெட்டுப்போகும். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"வாரேன்" என்றேன்.

என் வாக்கியம் செய்த வேலை

எனக்கு ரோஷம் வந்தால் குறும்பும் கூடவே வந்துவிடும். ஸ்கூட்டரில் போகும் வழியில் புதுச்சத்திரத்தில் நிறுத்தி, ஒரு கடையில் குழந்தைக்குப் போடும் சோப்பு ஒன்றும் கற்கண்டு பொட்டலம் ஒன்றும் வாங்கினேன். பிள்ளை பார்க்கத்தானே கூப்பிட்டாள்? வெறுங்கையோடு போகக் கூடாதல்லவா? நேரில் கொடுத்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எண்ணம்.

சரசு மில் வாசலில் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள். சோப்பையும் கற்கண்டையும் நீட்டினேன். கொஞ்சமும் சிரிக்காமல் இரண்டு கையாலும் வாங்கி, "எதுக்குங்கக்கா இதெல்லாம்" என்று உண்மையாகவே பிள்ளை பெற்றவள் மாதிரி சொல்லி டிராக்டர் சீட்டில் வைத்தாள். அங்கேயே நான் தோற்றுவிட்டேன்.

அதோடு போகவில்லை. அவளுடைய கிழங்கு லோடுக்கு மேல் வெயிலுக்கு மறைப்பாக ஒரு பிளெக்ஸ் பேனரை விரித்துக் கட்டியிருந்தார்கள். 'உலகச் சந்தையில் பிறந்த அநீதி' என்று ஆளுயர எழுத்து. கட்சிக்காரர்கள் என் கட்டுரையிலிருந்து எடுத்து அடித்தது.

"நெழலுக்கு நல்லா இருக்குதுங்க" என்றாள் சரசு.

என் வாக்கியம் அதுவரை செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

பாயிண்ட் என்றால் என்ன

எங்கள் ஊர்ப் பேச்சில் மரவள்ளிக்குக் குச்சிக்கிழங்கு என்று பெயர். அதை மில்லில் வெறும் எடைக்கு வாங்குவதில்லை. கிழங்கில் மாவு எவ்வளவு என்று பார்த்து வாங்குகிறார்கள். அந்த மாவின் அளவுதான் பாயிண்ட்.

அளப்பது எளிது. குறிப்பிட்ட எடைக் கிழங்கைக் கம்பிக்கூடையில் போட்டு, தராசிலிருந்து சங்கிலியில் தொங்கவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவார்கள். மாவு நிறைந்த கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனமாகத் தொங்கும். மாவு குறைந்தது லேசாகிவிடும். தராசு முள் காட்டுவதைப் பார்த்துப் பாயிண்ட் சொல்வார்கள்.

பொங்கலுக்குப் பிறகு யார் கொண்டுவந்தாலும் பாயிண்ட் குறைந்தது. விவசாயிகள் மில்லுக்காரர் ஏமாற்றுகிறார் என்றார்கள். மில்லுக்காரர் சின்னுசாமி, அறுபது வயது மனிதர், ஆபீஸ் அறையில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"இருவது வருசமா இதே ஊருல மில்லு ஓட்டறேன் அம்முணி. என்னயப் போயித் திருடன்னு சொல்லிப்போட்டாங்க" என்றார் என்னைப் பார்த்ததும். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்தபோது இவர் ஏமாற்றியிருக்க முடியாது என்று தோன்றியது. சரசுவின் கண்ணைப் பார்த்தால் அவளும் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் இந்தச் சண்டை எங்கிருந்துதான் வந்தது?

"ஒரு கூடை என் முன்னால அளந்து காட்டுறீங்களா?" என்று இரண்டு பேரையும் கேட்டேன்.

"அளக்கட்டுங்க. அக்கா பாக்கட்டும். பாத்துட்டு எழுதட்டும்" என்றாள் சரசு.

ஆடாத முள்

பேனரை விலக்கி அவளே கிழங்கை எடுத்தாள். ஒன்றை ஒடித்துக் காட்டினாள். பாலாக வெள்ளையாக இருந்தது. எடை போட்டு, கூடையில் போட்டு, மில் ஆள் தொட்டிக்குள் இறக்கினான். முள் நகர்ந்து, குறைவான இடத்தில் போய் அப்படியே நின்றது. கூட்டத்தில் முணுமுணுப்பு. சின்னுசாமி நெற்றியைத் தேய்த்தார்.

எனக்குத் தராசைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாதவள் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டேன்.

"தண்ணிக்குள்ள தொங்குற கூடை கொஞ்சம் ஆடும்ல? முள் ஏன் ஆடவே இல்லை?"

 சரசு மட்டும் முள்ளை விட்டுவிட்டுச் சங்கிலியைப் பார்த்தாள். கிட்டே போய் ஒரு விரலால் தொட்டாள்.

"ஏனுங்ணா, சங்கிலி லேசாத் தொய்யுதுங்களே. கெணத்துல வாளி தரை தட்டுனா கயிறு இப்படித்தானுங்களே தொய்யும்" என்றாள்.

சின்னுசாமி எழுந்து வந்தார். "தொட்டி ஆழம் இருக்குது சாமி. இத்தன வருசம் தட்டலயே?"

கலங்கிய தண்ணீரில் அடி தெரியவில்லை. யாராவது கையை விட்டுப் பார்க்க வேண்டும். மில் ஆள் விட்டால் விவசாயிகள் நம்பமாட்டார்கள். சரசு விட்டால் மில்லுக்காரர் ஒத்துக்கொள்ளமாட்டார். இருபது பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

லாரிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுக்கிற என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சரசுவிடம் கொடுத்துவிட்டு மண்டியிட்டேன்.

கூடையின் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டே போனேன். ஒரு விரல் நுழைய இடமில்லை. கூடை தொங்கவில்லை. தரையில் சுகமாக உட்கார்ந்திருந்தது. கனத்தில் கொஞ்சத்தைத் தரை தாங்கிக்கொண்டால் முள் பாவம் எதைக் காட்டும்?

பொங்கலுக்குப் பூசியது

"பொங்கலுக்கு இந்தத் தொட்டிய ஏதாச்சும் பண்ணீங்களா?" என்று ஈரக்கையோடு கேட்டேன்.

சின்னுசாமி குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்: "காப்புக் கட்டறதுக்கு மொத நாளு மில்லு பூராவும் வெள்ளையடிச்சமுங்க. தொட்டி ஒழுகுதுன்னு கொத்தனாரக் கூப்பிட்டு, அதையும் பூசிரச் சொன்னேன்."

எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு முந்திய நாள் வீடு, தொழுவம், பட்டறை எல்லாவற்றிலும் வேப்பிலையும் பூளைப்பூவும் செருகிக் காப்புக் கட்டுவோம். அதற்கு முன் கண்ணில் பட்டதையெல்லாம் கழுவி, பூசி, வெள்ளையடித்துவிடுவது வழக்கம். எங்களுக்கு அந்தச் சமயத்தில் கை சும்மா இருக்காது.

அங்கேயே கொத்தனாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏம்ப்பா, தொட்டி அடியில எவ்வளவு கனத்துக்குப் பூசுன?"

"கவலையே படாதீங்க மொதலாளி" என்றது கொத்தனாரின் குரல், பெருமையோடு. "பழசு மேலயே நல்லா கனமா ரெண்டு தடவ பூசியிருக்கறனுங்க. நீங்க சிமிட்டிக்குக் கணக்குப் பாக்கலீல்லங்க, அதான். இன்னும் பத்து வருசத்துக்கு ஒழுகாதுங்க."

 முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. சரசுவாகத்தான் இருக்க வேண்டும். பிறகு மில் வாசலே சிரித்தது. டிராக்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கி வந்து விஷயம் கேட்டுச் சிரித்தார்கள். இத்தனை நாள் திருடன் என்று திட்டியவர் ஒருவர் சின்னுசாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்ணா" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். சின்னுசாமி அழுதுகொண்டே சிரித்தார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். என் எழுத்து தப்பு என்று ஆனதில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

சங்கிலியில் நாலு வளையம் குறைத்து மாட்டினார்கள். சரசுவின் கூடை மறுபடி இறங்கியது. இந்தத் தடவை முள் ஆடியது. இப்படியும் அப்படியும் ஆடி, பொங்கலுக்கு முன்பு காட்டிய இடத்தில் போய் நின்றது. பொங்கலுக்குப் பிறகு கிழங்கு போட்ட எல்லோருக்கும் குறைந்த பாயிண்ட்டைச் சேர்த்துக் கொடுத்துவிடுவதாகச் சின்னுசாமி யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

கேட் திறந்தது. முதல் டிராக்டராகச் சரசுவுடையது உள்ளே போனது. பிளெக்ஸ் பேனரை மடித்து, அடுத்த லோடுக்கு ஆகும் என்று அவள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

சோப்பு

கிளம்பும்போது என் கையைப் பார்த்தேன். தோள் வரை சேறும் பசையும். ஸ்கூட்டர் பிடிக்க முடியாது. அந்தப் புளித்த நாற்றம் வேறு.

"வாங்கக்கா" என்று சரசு குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டிராக்டர் சீட்டிலிருந்து நான் கொடுத்த சோப்பை எடுத்து, உறையைப் பல்லால் கிழித்தாள். என் கையைப் பிடித்து, தோளிலிருந்து விரல் நுனி வரை தேய்த்துக் கழுவிவிட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கற்கண்டை அங்கிருந்தவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே கொடுத்து முடித்திருந்தாள்.

"இப்ப சொல்லுங்கக்கா. எதுலருந்து பொறந்துச்சு?"

"நீ சொல்றபடியே எழுதறேன்."

"நான் எதுக்குங்க சொல்லணும்? அதான் நீங்களே கைய உட்டுப் பாத்துட்டீங்களே" என்றாள், அன்றைக்கு முதல் தடவையாக எனக்காகவே சிரித்து.

வீட்டுக்கு வந்ததும் வேறு எதுவும் செய்யாமல் உட்கார்ந்து எழுதினேன். 'இந்தப் போராட்டம் உலகச் சந்தையிலிருந்து பிறந்தது என்று போன வாரம் எழுதினேன். தவறு. அது பொங்கலுக்குத் தாராளமாகப் பூசிய ஒரு தொட்டியின் தரையிலிருந்து பிறந்தது. சரசு என்ற விவசாயி சங்கிலியைப் பார்த்துக் கண்டுபிடித்தார். நான் கையை விட்டுப் பார்த்தேன்.'

பொறுப்பாசிரியர் போன் செய்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். கேலி வரவில்லை. "ஒரே பிரசவம்தான் மேடம். ஆனா பக்கத்துலயே இருந்திருக்கீங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் கட்டுரையைப் படித்தார். 'ம்' என்று சொல்லவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் வலது கையை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இன்னும் கெழங்கு வாசம் போகலயே" என்றார்.

குழந்தை சோப்பு வாசனையும் போயிருக்கவில்லை. நான் அதை அவரிடம் சொல்லவில்லை.